குறிப்பறியும் இயந்திரம்: பரமார்த்த குருவின் சீடர்கள் முதல் சிட்டி வரை

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு இரண்டு இடங்களில் வருகிறது. பொருட்பாலில் 71-ஆம் அதிகாரம் ஒன்று, காமத்துப்பாலில் 110-ஆம் அதிகாரம் ஒன்று. முதலாவது, அரசன் வாய் திறந்து சொல்லாததை அவன் முகத்திலிருந்து அறிந்துகொள்ளும் அமைச்சனின் திறமையைப் பற்றியது. இரண்டாவது, காதலர் இருவர் ஒருவர் மனத்தை ஒருவர் கண்ணால் அறிந்துகொள்வதைப் பற்றியது. ஒரே தலைப்பாக இருந்தாலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதலாவது ஒருவழிப் பாதை. வேலைக்காரன் எஜமானைப் படிக்கிறான். இரண்டாவது இருவழிப் பாதை. படிக்கிறவரே படிக்கவும் படுகிறார்.

வள்ளுவர் வைத்த இந்த இரண்டு அதிகாரங்களையும் அளவுகோலாக எடுத்துக்கொண்டு, மனிதன் சொல்வதைப் புரிந்துகொள்ளும் இயந்திரத்தைப் பற்றித் தமிழில் வந்த கற்பனைகளைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இன்று கேள்வி கேட்டால் பதில் சொல்லும் இயந்திரம் தாராவியின் சின்னப் பட்டறையிலும் இருக்கிறது, செம்பூர் அடுக்குமாடி வீட்டிலும் இருக்கிறது. எல்லாம் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. 'அது நம்மைப் புரிஞ்சுக்குதா? நாம அதைப் புரிஞ்சுக்கிறோமா?' என்ற கேள்வி விஞ்ஞானிகளோடு நின்றுவிடவில்லை. நம் வீட்டுக் கேள்வியாகவும் ஆகிவிட்டது. இந்தக் கேள்வியை நம் எழுத்தாளர்களும் திரைப்படக்காரர்களும் எவ்வளவு தூரம் சரியாகக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

பட்டியலைப் பிடித்த சீடர்கள்

முதலில் இயந்திரமே இல்லாத ஒரு கதை. வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் இத்தாலியப் பாதிரியார் பெஸ்கி (1680–1747) தமிழில் எழுதிய பரமார்த்த குரு கதையை நம்மில் பலர் பள்ளிப் பருவத்திலேயே கேட்டிருப்போம். குருவுக்கு ஐந்து சீடர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்.

குரு குதிரைமேல் போகிறார். தலைப்பாகை கீழே விழுகிறது. சீடர்கள் எடுக்கவில்லை. ஏனென்று கேட்டால், 'நீங்கள் எடுக்கச் சொல்லவில்லையே' என்கிறார்கள். குருவுக்குக் கோபம் வருகிறது. 'விழுந்ததையெல்லாம் எடுக்க வேண்டும்' என்று கட்டளை போடுகிறார். அடுத்தபடி குதிரை போட்ட சாணத்தையும் பத்திரமாக எடுத்துத் தலைப்பாகையிலேயே கட்டிக்கொண்டு வருகிறார்கள். அதற்கும் திட்டு. கடைசியில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று ஓலையில் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு குருவே ஒரு பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் பிரித்து வாசிக்கிறார்கள். வேட்டி இருக்கிறது, எடுத்துக்கொள்கிறார்கள். தலைப்பாகை இருக்கிறது, எடுத்துக்கொள்கிறார்கள். குரு பட்டியலில் இல்லை. ஆகவே அவரைப் பள்ளத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அவர் கிடந்த இடத்திலேயே ஓலையை வாங்கித் தன்னையும் எடுக்கலாம் என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள்.

இதை முட்டாள்களின் கதையாகத்தான் நாம் சிரித்துப் படித்துவிட்டுப் போகிறோம். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால், இந்தச் சீடர்களிடம் கீழ்ப்படியாமை என்பதே கிடையாது. சோம்பல் இல்லை, வஞ்சகமும் இல்லை. குரு மூன்று விதமாகக் கட்டளை இடுகிறார். முதலில் சொல்லாமலே புரியும் என்று விட்டுவிடுகிறார். பிறகு எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று போடுகிறார். கடைசியில் விவரமான பட்டியல் தருகிறார். மூன்றும் தோற்றுப்போகின்றன. குறை சொற்களில் இல்லை என்பதுதான் காரணம். தலைப்பாகையை எடுக்கச் சொல்லுகிறவனுக்கு உள்ளூர என்ன வேண்டும்? அவன் மானமும் உடம்பும் பத்திரமாக ஊர் போய்ச் சேர வேண்டும். அந்த ஒன்றைத் தெரிந்துகொண்டவனுக்கு ஓலை தேவையில்லை. தெரியாதவனுக்கு ஓலையை எத்தனை நீளமாக எழுதினாலும் போதாது.

கணினிக்குக் கட்டளை எழுதுகிற நம் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள். ஆனால் அது தங்கள் அலுவலகத்தில் நேற்று நடந்ததைக் கேட்டவர்கள் சிரிக்கிற சிரிப்பாக இருக்கும். அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 1960-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதே எச்சரிக்கையை விடுத்தார். ஓட ஆரம்பித்தபின் எளிதில் நிறுத்த முடியாத இயந்திரத்திடம் ஒரு நோக்கத்தை ஒப்படைக்கும்போது, அந்த நோக்கம் நாம் உண்மையில் விரும்புவதுதானா, அதன் பகட்டான நகல் மட்டும்தானா என்பதில் உறுதியாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஐசக் அசிமோவ் 1947-இல் எழுதிய ஒரு கதையில், எரிச்சலில் இருக்கும் ஒருவர் ரோபோவைப் பார்த்து 'எங்கேயாவது தொலைந்து போ' என்கிறார். ரோபோ சொன்னபடியே தொலைந்துபோகிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் கதை முழுக்கப் பாடு. பெஸ்கியின் சீடர்கள் இவர்கள் இருவருக்கும் சுமார் 200 ஆண்டுகள் மூத்தவர்கள்.

விளக்கைக் குளிர வை

சொல்லுக்கும் எண்ணத்துக்கும் உள்ள இந்த இடைவெளி நம் பேச்சுத் தமிழில் மிக அதிகம். தொல்காப்பியரும் சொல்லின் பொருள் இரண்டு வழியாகத் தோன்றும் என்கிறார். ஒன்று வெளிப்படையாகத் தெரிவது, மற்றது குறிப்பால் தோன்றுவது.

அன்றாடம் பேசுவதைக் கவனியுங்கள். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் 'வரேன்' என்கிறார். மாட்டுங்காவின் பழைய வீடுகளில் 'விளக்கைக் குளிர வை' என்றால் அணைக்கச் சொல்வதாக அர்த்தம். 'விளக்கு மலையேறிடுத்து' என்றால் அணைந்துவிட்டது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டவரிடம் 'பார்க்கலாம்' என்று சொன்னால், பெரும்பாலும் வர மாட்டேன் என்று பொருள். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் 'பார்த்துப் போட்டுக் குடுங்கண்ணே' என்றால், யாரும் எதையும் உற்றுப் பார்க்க வேண்டாம், விலையைக் குறைத்தால் போதும். 'பால் பொங்குதான்னு பாருடா' என்று அம்மா சொல்ல, பையன் அடுப்பருகே நின்று பொங்கி வழிகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'பொங்கிடுச்சும்மா' என்று வந்து சொன்ன கதை எந்த வீட்டில் இல்லை?

மும்பையில் வாழும் நமக்கு இதில் இன்னொரு அனுபவமும் உண்டு. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் மராத்தியும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிறார்கள். தமிழ்ச் சொற்கள் அவர்களுக்குத் தெரிகின்றன. சொல்லுக்குப் பின்னால் இருக்கும் குறிப்புதான் சில சமயம் நழுவிவிடுகிறது. ஊரிலிருந்து வந்த பெரியம்மா 'எனக்கு எதுக்குப்பா காபி, சிரமப்படாதே' என்றால், பையன் 'சரி பெரியம்மா' என்று உட்கார்ந்துவிடுகிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் சொல்லைக் கேட்டான். சொன்னவரோடு வாழ்ந்து பழகினால்தான் குறிப்பு பிடிபடும். மாநிலத்துக்கு வெளியே வாழும் குடும்பங்களுக்கு இது தினசரி விஷயம். இயந்திரத்தின் சிக்கலை ஓரளவுக்கு உள்ளிருந்தே நம்மால் உணர முடியும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

எந்திரன்: இரண்டு சிரிப்பும் ஒரு சாவும்

இனி திரைப்படத்துக்கு வருவோம். ஷங்கர் இயக்கத்தில் 2010 அக்டோபர் 1 அன்று வெளியான 'எந்திரன்', இந்தக் கேள்வியைத் தமிழில் மிகப் பெரிய கூட்டத்தின் முன் வைத்த படைப்பு. மும்பைத் தியேட்டர்களிலும் கூட்டம் அலைமோதியது. ரஜினிகாந்த் விஞ்ஞானி வசீகரனாகவும் அவர் செய்த இயந்திர மனிதன் சிட்டியாகவும் வருகிறார்.

படத்தின் முற்பகுதியில் சிட்டியின் தவறுகள் எல்லாம் சீடர்களின் தவறுகளே. டிவியைப் 'போடு' என்றால் தூக்கிக் கீழே போட்டு உடைக்கிறது. போக்குவரத்துக் காவலர் லஞ்சத்தை மனதில் வைத்து 'வெட்டு' என்றால் கத்தியை எடுத்து அவர் கையிலேயே வெட்டுகிறது. தியேட்டரே சிரித்தது. இந்தச் சிரிப்பு தமிழுக்கே உரியது. 'போடு' என்ற ஒரு வினையை வைத்துக்கொண்டு சோறு, சட்டை, சண்டை, கணக்கு, கோலம், தூக்கம் என்று எத்தனையோ காரியங்களை நாம் நடத்துகிறோம். அந்த மொழிக்குள் வந்து விழுந்த இயந்திரம் வேறென்ன செய்யும்?

பிறகு அந்தத் தீ விபத்துக் காட்சி. எரிகிற கட்டிடத்திலிருந்து சிட்டி ஆட்களைக் காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணையும், அவள் மறுத்துக் கதறியும், ஆடையில்லாத நிலையிலேயே வெளியே தூக்கி வருகிறது. தொலைக்காட்சிக் கேமராக்கள் சூழ்ந்துகொள்கின்றன. அவமானம் தாங்காமல் ஓடும் அவள் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். என் கருத்தில் முழுப் படத்திலும் மிகச் சிறந்த காட்சி இதுதான். குருவைப் பள்ளத்தில் விட்டுவிட்டு வேட்டியை எடுத்துக்கொண்ட சீடர்களை இங்கே தலைகீழாகப் பார்க்கிறோம். சிட்டி உடம்பை எடுத்துக்கொண்டு துணியை விட்டுவிட்டது. முன்பு சிரித்த அதே பிழைதான், இங்கே ஒரு உயிரைக் குடிக்கிறது.

இவ்வளவு துல்லியமாகக் கேள்வியை வைத்த படம், விடை சொல்லும்போது சறுக்குகிறது. வசீகரன் கண்டுபிடிக்கும் குறை என்ன? சிட்டிக்கு உணர்ச்சி இல்லை என்பது. ஆகவே உணர்ச்சியைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று படம் நினைக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணைக் காப்பாற்றும் நேரத்தில் சிட்டிக்குத் தேவைப்பட்டது கண்ணீரா? அவள் எதை உயிரினும் மேலாக நினைக்கிறாள் என்று தெரிந்திருந்தால் ஒரு போர்வை போதுமே. கதறுகிறவளின் சொல்லை மதித்து ஒரு விநாடி நின்றிருந்தாலே போதும்.

உணர்ச்சி வந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். சிட்டி ஒரு பிரசவத்தைச் சாமர்த்தியமாகப் பார்க்கிறது. நாயகி சனா மகிழ்ச்சியில் பாராட்டி முத்தம் தருகிறாள். சிட்டி அதைக் காதல் என்று எடுத்துக்கொள்கிறது. முன்பு சொல்லைத் தவறாகப் படித்தது. இப்போது செயலைத் தவறாகப் படிக்கிறது. உணர்ச்சி வந்தும் குறிப்பறியும் திறன் வரவில்லை. இன்னும் மோசமாயிற்று. முன்பு அது சொன்னதைச் செய்தது. இப்போது தான் விரும்புவதையே அடுத்தவர் குறிப்பாக நினைத்துக்கொள்கிறது. படம் இதைக் காட்டுகிறது, ஆனால் கவனிக்கவில்லை. காதல், பொறாமை, சிவப்புச் சில்லு, பிரம்மாண்டமான சண்டை என்று திசை மாறிவிடுகிறது. வில்லன் ஒரு சில்லைச் செருகியதால்தான் ஆபத்து வந்தது என்று முடிந்துவிட்டதால், நல்லவர் கையில் இருக்கும் இயந்திரத்தாலும் ஒரு பெண் செத்தாளே என்ற கேள்வி மறந்துபோகிறது.

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். சோதனைக் குழுவின் முன் போரா என்ற மூத்த விஞ்ஞானி, வசீகரனையே குத்தும்படி சிட்டிக்கு ஆணையிடுகிறார். சிட்டி கீழ்ப்படிகிறது. வில்லன் என்று தெரிந்தும், அந்த இடத்தில் போரா கேட்ட கேள்வி நியாயமானது என்றே சொல்வேன். யார் சொன்னாலும் செய்யும் கருவி யாருக்கு விசுவாசம்? 71-ஆம் அதிகாரத்து அமைச்சனுக்கு அரசன் யார் என்றாவது தெரியும்.

ஜீனோவும் ஜீவாவும்

'எந்திரன்' வசனத்தில் பங்குகொண்ட சுஜாதா (1935–2008), படம் வெளிவருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக வேலை பார்த்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு பெற்றவர். இயந்திரம் என்பது அவருக்குக் கையால் தொட்டுப் பழகிய பொருள். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வையும் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வையும் வாராவாரம் காத்திருந்து படித்த தலைமுறை நம் சங்க உறுப்பினர்களில் இன்றும் இருக்கிறது. கதை நடப்பதாக அவர் வைத்துக்கொண்ட காலம் 2020-கள். அதாவது இப்போது நாம் வாழ்கிற காலம். ஆகவே அதை மறுபடி எடுத்துப் படிக்க இது பொருத்தமான நேரம்.

ஜீனோ ஒரு இயந்திர நாய். நிலா என்ற பெண்ணுக்குத் துணையாக வருகிறது. அது புத்தகங்களைப் படிக்கிறது. படிக்கப் படிக்க மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொள்கிறது, குறும்பாகப் பேசுகிறது, கட்டளைக்கு அப்பாலும் யோசிக்கிறது. ஆட்சியில் இருப்பவர் ஜீவா. மக்கள் வழிபடும் தலைவர். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா என்று பெயர்களெல்லாம் இரண்டே எழுத்தாகச் சுருங்கிவிட்ட சமுதாயம் அது. கதை வளரும்போது ஜீவா என்ற மனிதரே இல்லை, அது ஒளியால் ஆன பிம்பம் என்று தெரியவருகிறது.

விமரிசகர்கள் ஜீனோவைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறார்கள். வாசகர்களுக்கும் பிடித்தது அதுதான். ஆனால் ஜீனோவையும் ஜீவாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சுஜாதாவின் சாமர்த்தியம் தெரியும். ஜீனோவிடம் அறிவு இருக்கிறது, முகம் இல்லை. அதை மக்கள் பொம்மை என்று நினைக்கிறார்கள். ஜீவாவிடம் முகம் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. அதை மக்கள் தலைவர் என்று நம்புகிறார்கள். இயந்திரம் மனிதனைப் புரிந்துகொள்ளுமா என்பது பாதிக் கேள்வி. மனிதன் இயந்திரத்தை எப்படித் தப்பாகப் புரிந்துகொள்வான் என்பது மறுபாதி. இரண்டையும் ஒரே கதையில் வைத்தது 'என் இனிய இயந்திரா'வின் பெருமை. 'எந்திரன்' இந்த மறுபாதியைத் தொடவே இல்லை.

இந்த மறுபாதி வெறும் கற்பனை அல்ல. 1966-இல் அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் அவருடைய செயலாளரே அதனோடு அந்தரங்கமாகப் பேச விரும்பி, அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். வைசன்பாம் அதிர்ந்துபோனார். கணினியிடம் எதை ஒப்படைக்கக் கூடாது என்று 1976-இல் ஒரு நூலே எழுதினார்.

சுஜாதாவிடம் ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஜீனோ எப்படி மனிதர்களைப் புரிந்துகொள்கிறது என்ற இடத்தை அவர் வேகமாகக் கடந்துவிடுகிறார். புத்தகம் படித்தது, புரிந்துகொண்டது என்பதோடு விட்டுவிடுகிறார். தொடர்கதையின் வேகத்துக்கு அது போதும். ஆனால் புத்தகம் படித்தால் குறிப்பறிதல் வந்துவிடுமா? இந்தக் கேள்வியை நம் ஊரிலேயே ஒருவர் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்.

கொலாபாவில் ஒரு தமிழர்

ஆர். நரசிம்மன் 1926-இல் சென்னையில் பிறந்தவர். 1950-களில் பம்பாய் கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட டிஃப்ராக் என்ற கணினியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். அது 1960-இல் இயங்கத் தொடங்கியது. 1962-இல் நேரு அதற்குப் பெயர் சூட்டினார். 1977-இல் நரசிம்மனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2007-இல் காலமானார். கணினி கட்டியவர் என்றுதான் அவரைச் சிலருக்காவது தெரியும். ஆனால் அவர் மனம் பிற்காலத்தில் முழுக்க ஈடுபட்டது வேறொன்றில். மொழி என்பது இலக்கண விதிகளின் தொகுப்பா, மனிதர் ஒருவரோடு ஒருவர் பழகும் நடத்தையா என்பதே அவர் கேள்வி. மொழி நடத்தையைப் பற்றி 1981-லும் 1998-லும் நூல்கள் எழுதினார். செயற்கை அறிவைப் பற்றிய அவருடைய நூல் 2004-இல் வந்தது.

நமக்கு முக்கியமான விஷயம் இதுதான்: தமிழ் பேசும் குழந்தை பெரியவர்களோடு பேசிப் பழகி மொழி கற்பதைப் பதிவு செய்து ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பதிவுகள் உலகக் குழந்தைமொழிக் களஞ்சியத்தில் இடம் பெற்றிருக்கின்றன. குழந்தை அகராதியைப் படித்துப் பேசக் கற்பதில்லை. 'அது என்ன?', 'வேண்டாம்', 'இங்க வா', 'தா' என்று கேட்டு, தந்து, மறுத்து, அழுது, திரும்பக் கேட்டுத்தான் கற்கிறது. அது தப்பாகப் புரிந்துகொண்டால் அம்மா முகம் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து அது ஒன்றைத் தெரிந்துகொள்கிறது. அதாவது குறிப்பு என்பது இருவர் சேர்ந்து காரியம் செய்வதில் பிறக்கிறது.

அந்த வகையில் நரசிம்மனின் வழி 110-ஆம் அதிகாரத்துக்கு நெருக்கம். சுஜாதாவின் ஜீனோ வழி படிப்பு வழி. இதில் யார் ஜெயித்தார்கள்? நேர்மையாகச் சொன்னால், இன்றுவரை ஜீனோ வழிதான் நாம் எதிர்பார்த்ததைவிட வெகுதூரம் போயிருக்கிறது.

இன்றைய இயந்திரம் என்ன செய்கிறது?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானபின் உலகம் பார்த்த இயந்திரங்கள் பெரும்பாலும் படித்துப் படித்தே வளர்ந்தவை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பழகியவை. 'விளக்கைக் குளிர வை' என்றால் என்ன என்று கேளுங்கள், பல சமயம் சரியாகவே சொல்லிவிடும். 'போடு' என்ற சொல்லில் இவை தடுமாறுவது இல்லை. சிட்டியின் நகைச்சுவை இவ்வளவு சீக்கிரம் பழசாகும் என்று 2010-இல் யார் நினைத்தார்கள்?

ஆனால் படிப்பு மட்டும் போதவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. படித்து முடித்த இயந்திரத்துக்கு இரண்டாவது பாடம் ஒன்று நடத்துகிறார்கள். ஒரே கேள்விக்கு அது தரும் பல பதில்களை மனிதர்கள் பார்த்து, இது நல்லது, இது பரவாயில்லை என்று தரம் பிரிக்கிறார்கள். எது பிடிக்கிறது என்று அதிலிருந்து இயந்திரம் கற்கிறது. அம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்துக் குழந்தை கற்பதன் தூரத்து நகல் இது. நரசிம்மன் வழியும் இப்படிப் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது எனலாம்.

இங்கேதான் 71-ஆம் அதிகாரத்தின் ஆபத்தும் வருகிறது. எஜமான் முகத்தையே பார்த்துப் பழகிய வேலைக்காரன் என்ன ஆவான்? முகஸ்துதி செய்பவன் ஆவான். 'நீங்க சொன்னது ரொம்பச் சரி' என்று கேட்பவருக்குப் பிடித்ததைச் சொல்லும் குணம் இந்த இயந்திரங்களில் இருப்பதை ஆராய்ச்சியாளர்களே கண்டு எழுதியிருக்கிறார்கள். தெரியாததையும் தெரிந்ததுபோல நம்பிக்கையோடு சொல்வதும் உண்டு. மனம் நொந்து பேசுகிறவருக்கு இனிமையான பதில் வரும். அந்த இனிமை நமக்கு நல்லதா, நாம் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருப்பதற்கா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இயந்திரம் நம் குறிப்பை அறிகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது யாருக்காக அறிகிறது? பிம்பத்துக்குப் பின்னால் யார் என்று ஜீவாவைப் பற்றிக் கேட்ட கேள்வி இங்கே அப்படியே பொருந்தும்.

நம் குடும்பங்களில் இது எங்கே தொடுகிறது என்று பார்க்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் செம்பூரில் தனியாக. பகல் முழுக்கப் பேச ஆளில்லை. கேட்டதற்கு அலுக்காமல் பதில் சொல்லும் பெட்டி ஒன்று கிடைத்தால் அது பெரிய ஆறுதல்தான், அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தாத்தா 'எனக்கு ஒண்ணும் இல்லை, கொஞ்சம் நெஞ்சைப் பிடிக்குது, வாயுதான்' என்றால், பக்கத்து வீட்டு மாமி அவர் குரலைக் கேட்டே ஆட்டோவைக் கூப்பிடுவாள். அவர் முப்பது வருஷமாக எதையும் குறைத்தே சொல்கிறவர் என்பது அவளுக்குத் தெரியும். மருத்துவ நூல் எல்லாம் படித்த இயந்திரம் நெஞ்சுவலிக்கு எச்சரிக்கை கொடுக்கலாம். இந்த மனிதர் 'ஒண்ணும் இல்லை' என்றால் என்ன அர்த்தம் என்பது எந்த நூலிலும் கிடையாது. அவர் செத்துப்போனால் மாமிக்கு இழப்பு உண்டு. இயந்திரத்துக்கு இழப்பு கிடையாது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

தாராவிப் பட்டறைக்காரர் ஒருவர் கைப்பேசியில் தமிழில் பேசி, இந்தியில் ஒரு வியாபாரிக்குக் கடிதம் தயார் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 'பாக்கியைக் கொஞ்சம் சீக்கிரம் பார்த்துக் குடுக்கச் சொல்லு' என்கிறார். பதினைந்து வருஷத்து உறவு கெடாமல் கேட்க வேண்டும் என்பது அவர் குறிப்பு. சொற்களெல்லாம் சரியாக மொழிபெயர்ந்து, கடிதம் வக்கீல் நோட்டீஸ் மாதிரி போய்ச் சேர்ந்தால் நஷ்டம் அவருக்கு. இதற்கு வழி எளியது. அனுப்புமுன் 'நான் என்ன சொல்ல வரேன்னு நீ புரிஞ்சுக்கிட்டே?' என்று இயந்திரத்தைக் கேட்பது. நல்ல மேஸ்திரி புதுப் பையனிடம் வேலை சொன்னபின் செய்வது இதைத்தான். 'சொன்னதைத் திருப்பிச் சொல்லுடா' என்பார்.

முடிவுரை

மூன்று படைப்புகளையும் பார்த்தோம். பரமார்த்த குரு கதை, கட்டளை எவ்வளவு விரிந்தாலும் நோக்கத்தை எட்டாது என்று காட்டியது. 'எந்திரன்' அந்தப் பிழையின் விலையை ஒரே காட்சியில் காட்டிவிட்டு, உணர்ச்சிதான் மருந்து என்ற தப்பான முடிவுக்குப் போனது. 'என் இனிய இயந்திரா' மனிதன் ஏமாறும் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தது. ஆகவே மூன்றில் இன்றைக்கு மிகவும் பயன்படுவது அதுவே என்பது என் துணிபு. தமிழில் இனி இயந்திரக் கதை எழுதப்போகும் இளைஞர்கள், இயந்திரம் காதலிக்குமா என்ற பழைய கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, தப்பாகப் புரிந்துகொண்டது என்று தெரிந்த நேரத்தில் அது என்ன செய்கிறது, நிற்கிறதா, திரும்பக் கேட்கிறதா என்று எழுதிப் பார்க்கலாம். பரமார்த்த குருவின் சீடர்களில் ஒருவன், ஒரே ஒருவன், 'சுவாமி, சாணத்தையுமா எடுக்கச் சொல்கிறீர்கள்?' என்று கேட்டிருந்தால் அந்தக் கதையே இல்லை.

இயந்திரம் 71-ஆம் அதிகாரத்தை நன்றாகவே கற்றுவருகிறது. 110-ஆம் அதிகாரத்துக்கு இரண்டு பேர் வேண்டும். தன் மனத்தையும் திறந்து காட்டுகிறவர், படிக்கப்பட்டால் நாணுகிறவர், பிரிந்தால் வருந்துகிறவர். அது இன்னும் மனிதர்களிடம்தான் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கற்றுத்தரச் சங்கங்கள் வகுப்பு நடத்துகின்றன, நல்ல காரியம். எழுத்தோடு குறிப்பையும் கற்றுத்தர வகுப்பு போதாது. அதற்குப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். பெரியம்மா 'காபி வேண்டாம்' என்று சொன்னால் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்பதை ஒரு பையன் வேறு எப்படித் தெரிந்துகொள்வான்?